தோல் இருக்கும் இடம் தெரிந்த குழந்தை

கரும்பலகையில் ‘சீல்’ என்று எழுதியதும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: “தாசில்தார் ஆபீஸ் சீலா டீச்சர்?” வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பக்கத்தில் ‘கடல்நாய்’ என்று எழுதினேன். “கொரைக்குமா டீச்சர்?” என்று அடுத்த கேள்வி. எங்கள் பள்ளியிலிருந்து கடற்கரைக்குப் போக நான்கு மணி நேரம் பேருந்தில் உட்கார வேண்டும். ஒன்பதாம் வகுப்பின் 38 பேரில் கடலை நேரில் பார்த்தவர்கள் 11 பேர். அவர்களுக்குத்தான் ஸ்காட்லாந்து, அயர்லாந்துக் கடற்கரைகளின் கதை ஒன்றைச் சொல்லத் தொடங்கினேன். பாடவேளை நன்றாகவே போனது, கடைசி ஐந்து நிமிடம் வரை.

நான் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியர். வாரம் ஒரு பாடவேளையைக் கதைக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். கதையை நான் தமிழில் சொல்வேன். அதை அவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் திருப்பி எழுத வேண்டும். கதை பிடித்துவிட்டால் இறந்தகால வினைச்சொற்கள் தாமாக வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது என் அனுபவம்.

அன்று சொன்ன கதை இது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னி தீவுகளில் கடல்நாயைச் ‘செல்கி’ என்பார்கள். செல்கிகள் சில நாட்களில் தோலைக் கழற்றிப் பாறைமேல் வைத்துவிட்டு, மனித உருவில் வெயில் காயும். ஒளிந்திருந்து பார்த்த ஒருவன் ஒரு தோலைத் தூக்கிக்கொள்கிறான். மற்றவர்கள் தங்கள் தோலோடு கடலில் குதித்துவிட, தோலை இழந்தவள் அழுதுகொண்டே அவன் பின்னால் நடக்கிறாள். அவனையே மணக்கிறாள். ஏழு பிள்ளைகள் பிறக்கிறார்கள், நான்கு ஆண், மூன்று பெண். நல்ல தாயாகவே இருக்கிறாள். ஆனால் வீட்டில் ஆள் இல்லாதபோதெல்லாம் மூலை முடுக்கெல்லாம் தேடுகிறாள். ஒருநாள் காலில் புண்ணோடு ஒரு சின்னப் பெண் மட்டும் வீட்டில் இருக்கிறாள். என்னம்மா தேடுகிறாய் என்று கேட்கிறாள். உன் கால் புண்ணுக்கு இதமாகச் செருப்பு தைக்க ஒரு நல்ல தோல் தேடுகிறேன் என்கிறாள் அம்மா. எனக்குத் தெரியுமே, நான் தூங்குவதாக நினைத்து அப்பா கூரை இடுக்கிலிருந்து எடுத்துப் பார்த்தாரே என்கிறது குழந்தை. அம்மா தோலை எடுக்கிறாள், குழந்தையிடம் விடைபெறுகிறாள், போய்விடுகிறாள்.

ஆர்க்னியைச் சேர்ந்த வால்டர் ட்ரெயில் டெனிசன் என்பவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதி வைத்த வடிவம் இது. வேறு சில ஊர்களில் சொல்லும்போது, அந்தத் தாய் பிறகும் கரையோரம் வந்து பிள்ளைகளுக்காகப் பாறைமேல் மீன் வைத்துவிட்டுப் போவாள். அதை அன்று நான் சொல்லவில்லை. மணி அடிக்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. கதை முடிந்ததும் கேள்வி கேட்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டே, நானும் கேட்டேன்.

“அம்மா செஞ்சது சரியா, தப்பா? சரின்னு நெனைக்கிறவங்க கை தூக்குங்க.”

நான்கு கைகள். தப்பு என்பதற்கு முப்பதுக்கும் மேல். ஒரு பெண் எழுந்து நின்று, “பெத்த புள்ளைய விட்டுட்டுப் போறவ எல்லாம் ஒரு அம்மாவா டீச்சர்?” என்றாள். கைதட்டல். மூன்றாம் வரிசையில் ஒருவன் மட்டும் எதற்கும் கை தூக்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று கேட்டுப் போனவன் மணி அடித்த பிறகுதான் வந்தான்.

அவனுடைய அம்மா வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடம். காரணம் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் இங்கே எழுத மாட்டேன். அவன் படிவத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் பாட்டியின் கைரேகை இருக்கிறது. வகுப்பாசிரியர் என்ற முறையில் ஜூன் மாதத்தில் அந்தக் கைரேகையை வாங்கியதே நான்தான். தெரிந்திருந்தும் கேட்டேன். 30 பேர் கை தூக்கி அவனுடைய அம்மாவுக்குத் தீர்ப்பு எழுத நான் ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறேன். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

இந்தக் கதையை எனக்கு அறிமுகப்படுத்தியது ஒரு நாவல். புத்தகக் கண்காட்சியில் பழைய புத்தகக் குவியலில் கிடைத்தது. ஆஸ்திரேலிய எழுத்தாளர் மார்கோ லானகன் எழுதி 2012இல் வெளிவந்த ‘தி பிரைட்ஸ் ஆஃப் ரோல்ராக் ஐலண்ட்’. ஆஸ்திரேலியாவில் இதன் பெயர் ‘ஸீ ஹார்ட்ஸ்’. ஒரு வருடம் முன்பே படித்திருந்தேன். அன்றிரவு மறுபடி எடுத்தேன். இதே கதையை வைத்துக்கொண்டு 300 பக்கம் எழுதியவர், நான் கேட்ட கேள்வியை எங்காவது கேட்கிறாரா என்று பார்க்க வேண்டியிருந்தது.

ரோல்ராக் கற்பனைத் தீவு. மீன்பிடி ஊர், காற்று, குளிர், ஒரு மதுக்கடை, எதற்கும் படகேறிப் பெருநிலத்துக்குப் போக வேண்டிய நிலை. அங்கே மிஸ்கேலா என்றொரு பெண். அழகில்லை என்று சொந்த அக்காக்களும் ஊரும் ஏளனம் செய்து வளர்த்த கடைசிப் பெண். கடல்நாய்க்குள் இருக்கும் மனித உருவை வெளியே இழுக்கும் சக்தி தனக்கு இருப்பதைக் கண்டுகொள்கிறாள். தன்னைத் திரும்பிப் பார்க்காத அதே ஆண்களுக்குக் கடலிலிருந்து பேரழகிகளை எடுத்துக் கொடுக்கிறாள், காசுக்கு. ஒருவன் வாங்குகிறான், அடுத்தவன் வாங்குகிறான். ஊரில் முன்பிருந்த பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு படகேறிப் போய்விடுகிறார்கள். ஒரு தலைமுறைக்குப் பின் தீவில் எல்லா வீட்டிலும் கடலிலிருந்து வந்த அம்மாதான்.

நாட்டுப்புறக் கதையில் ஒரு மனிதன் செய்த திருட்டு, நாவலில் ஒரு ஊரின் வழக்கமாகிவிடுகிறது. எல்லோரும் செய்தால் அது தவறாகத் தெரியாது என்பதை லானகன் எங்கும் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரன், நல்ல அப்பா, பொறுப்பான மீனவன் என்று ஒவ்வொருவராகக் காட்டுகிறார். உண்மையிலேயே அன்பான வீடுகள் அவை. அதுதான் படிக்கும்போது நெஞ்சை அடைக்கிறது. அப்பாக்கள் மனைவியை நேசிக்கிறார்கள், தோலையும் பூட்டி வைக்கிறார்கள்.

கதையை ஆறு பேர் மாறி மாறிச் சொல்கிறார்கள். மிஸ்கேலா ஒரு பகுதி. அப்பா ஓடிப்போனதைப் பார்க்கும் பெட் என்ற சிறுமி ஒரு பகுதி. பெருநிலத்தில் நிச்சயமான பெண்ணை விட்டுவிட்டுக் கடல்பெண்ணிடம் விழும் டோமினிக் ஒரு பகுதி. பின்னால் அவனுடைய மகன் டேனியல். இப்படிப் போகிறது. கடலிலிருந்து வந்த அம்மாக்களில் ஒருவர்கூடக் கதை சொல்வதில்லை. முதல்முறை படித்தபோது இதை நாவலின் குறை என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். அந்தக் குறிப்பை இன்றும் முழுதாக அழிக்கவில்லை. யாருக்கு அநீதி நடந்ததோ அவர் பேசவில்லையே என்ற ஆதங்கம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த வீடுகளில் அவர்கள் பேசவில்லை என்பதுதானே நடந்தது? மற்ற ஆறு பேரும் பேசப் பேச, பேசாதவர்களின் இடம் பெரிதாகிக்கொண்டே போகிறது.

கடல் அம்மாக்களுக்குப் பிறக்கும் பெண் குழந்தைகள் கரையில் வாழ முடியாமல் கடலுக்கே திருப்பித் தரப்படுகிறார்கள். தீவில் வளர்வது மகன்கள் மட்டும். அம்மாக்கள் ஏக்கத்தில் படுத்த படுக்கையாகிறார்கள். சமையல் நின்றுபோகிறது, பேச்சு குறைகிறது. அப்பாக்களுக்கு இது புரியாமல் இல்லை. ஆனால் பூட்டைத் திறக்க மனம் வரவில்லை. மகன்கள்தான் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். டேனியலும் மற்றச் சிறுவர்களும் தோல்களை எடுத்து அம்மாக்களிடம் கொடுக்கிறார்கள்.

ஆர்க்னிக் கதையின் சிறுமிக்குத் தான் செய்வது இன்னதென்று தெரியாது. அம்மா கேட்டாள், சொன்னாள். டேனியலுக்குத் தெரியும். தோலைக் கொடுத்தால் இந்த வீட்டில் அம்மா இருக்க மாட்டாள் என்று தெரிந்தே கொடுக்கிறான். அம்மாக்கள் பிள்ளைகளையும் தங்களோடு கடலுக்கு அழைத்துப் போகிறார்கள் என்பதும், வெறுமையான ஊரில் அப்பாக்கள் மட்டும் மிஞ்சுவதும் அடுத்துவரும் பகுதி. அதற்குப் பிறகும் கதை உண்டு, படிக்கப்போகிறவர்களுக்காக விட்டுவிடுகிறேன். நான் தேடிய கேள்வி எங்கும் இல்லை. அம்மா செய்தது சரியா என்று அந்த நாவலில் எந்தக் குழந்தையும் கேட்பதில்லை. அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் பார்க்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த நாவலை அப்படியே மாணவர் கையில் கொடுக்க வேண்டாம். வயது வந்தோருக்கான பகுதிகள் உள்ளன, மொழியும் கடினம். ஆசிரியர் படித்து, வகுப்புக்கு வேண்டியதை எடுத்துச் சொல்ல வேண்டிய புத்தகம். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 2014இல் அயர்லாந்தில் உருவான ‘சாங் ஆஃப் தி ஸீ’ என்ற அசைபடம் உதவும். கலங்கரை விளக்கத்தில் வாழும் பென், ஆறு வயதாகியும் பேசாத அவன் தங்கை, அவளுடைய வெள்ளை அங்கி, அதைப் பெட்டியில் பூட்டிக் கடலில் எறிந்துவிடும் அப்பா. இதிலும் தொடக்கத்திலேயே தாய் போய்விடுகிறாள். திரையிடும் முன் உங்கள் வகுப்பில் யார் யார் என்று ஒருமுறை நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதைகளைக் ‘கெல்டிக்’ என்று ஒரே பெயரில் அடைப்பார்கள். அயர்லாந்துக்கும் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளுக்கும் அது பொருந்தும். ஆர்க்னியும் ஷெட்லாண்டும் 15ஆம் நூற்றாண்டு வரை நார்வே, டென்மார்க் மன்னர்களின் கீழ் இருந்தவை. அங்கே கதைக்குள் வடநாட்டுக் கலப்பும் இருக்கிறது. எப்படியோ, கடல்நாயும் மீனவரும் ஒரே பாறையைப் பகிர்ந்துகொண்ட இடமெல்லாம் இந்தக் கதை இருந்திருக்கிறது. விளக்கெரிக்க எண்ணெய்க்காகவும் தோலுக்காகவும் கடல்நாயைக் கொன்ற அதே மக்கள்தான் அதைத் தங்கள் உறவு என்றும் சொன்னார்கள். வடக்கு யூஸ்ட் தீவின் மக்கோட்ரம் குலத்தாரும், அயர்லாந்தின் கானமாராப் பகுதியின் கனீலிக் குடும்பத்தாரும் கடல்நாய் வழிவந்தவர்கள் என்று சொல்லப்பட்டனர். பிபிசி வானொலியில் பணியாற்றிய டேவிட் தாம்சன் இந்த ஊர்களில் அலைந்து கேட்ட கதைகளை 1954இல் ‘தி பீப்பிள் ஆஃப் தி ஸீ’ என்ற நூலாக்கினார்.

ஏன் கடல்நாய் மட்டும் என்று தேடியபோது எனக்குக் கிடைத்தவை அறிவியல் ஆசிரியருக்கும் பயன்படும். அதன் துடுப்புக்குள் நம் கைபோல ஐந்து விரல் எலும்புகள் உண்டு, நகமும் உண்டு. கண்ணீரை மூக்குக்குள் இறக்கும் குழாய் கடல்நாய்க்கு இல்லை. அதனால் கரையில் கிடக்கும்போது கண்ணீர் கன்னத்தில் வழிகிறது. அழுகிறது என்று பார்ப்பவர் நினைக்கத்தானே செய்வார்? சாம்பல் கடல்நாய்கள் மனிதர் முனகிப் பாடுவதுபோல ஒலி எழுப்பும். குட்டி வெண்ணிற ரோமத்தோடு பிறக்கிறது. பாதிக்கும் மேல் கொழுப்பாக உள்ள பாலைத் தாய் சுமார் 18 நாள் கொடுக்கிறது. பெரும்பாலும் அந்த நாட்களில் அது இரை தேடிப் போவதில்லை. தன் உடம்பிலுள்ள கொழுப்பையே பாலாக்கிக் கொடுத்து மெலிகிறது. பிறகு ஒருநாள் குட்டியைக் கரையில் விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடுகிறது, திரும்புவதில்லை. குட்டி தானாகவே ரோமம் உதிர்த்து, பசி பொறுத்து, நீந்தக் கற்றுக்கொள்கிறது.

இதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். செல்கி அம்மா போகிறாளே, அந்தக் கதையைக் கட்டியவர்கள் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் பாறைகளில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். இது என் ஊகம்தான். ஆனால் பாடத்தை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த வாரம் அதே வகுப்பில் மறுபடி தொடங்கினேன். முதலில் அவர்களிடம், போன வாரம் நான் கேட்ட கேள்வி தவறான கேள்வி, அதற்கு யாரும் பதில் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்றேன். காரணம் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் ஒருவனைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

மூன்று பாடவேளை எடுத்துக்கொண்டேன். முதல் வேளை கடல்நாய் மட்டும்: படம், ஐந்து விரல், 18 நாள். குட்டி என்ன சாப்பிடும் என்ற கேள்வியிலேயே பாதி நேரம் போய்விட்டது. இரண்டாம் வேளை கதையை மீண்டும் சொன்னேன். குழந்தை ‘எனக்குத் தெரியும்’ என்று சொல்லும் இடத்தில் நிறுத்திவிட்டேன். ரோல்ராக் தீவையும், தெரிந்தே தோலை எடுத்துக் கொடுத்த சிறுவர்களையும் சொன்னேன். மூன்றாம் வேளை எழுதுவதற்கு. தோல் எங்கே இருக்கிறது என்று யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். அப்பா, குழந்தை என்றார்கள். “கூரைக்குத் தெரியும் டீச்சர்” என்றாள் ஒருத்தி. அதன்பின் சுவர், ஏணி, பூனை, அந்தத் தோல் என்று கரும்பலகை நிறைந்தது. அதில் ஒன்றாக மாறி ஆறு வாக்கியம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும்: எனக்கு என்ன தெரியும், யாரிடம் சொல்லவில்லை. ஆங்கிலம் வராத இடத்தில் தமிழ். யாரும் உரக்கப் படிக்கத் தேவையில்லை. தாளை மடித்து என் மேசையில் வைத்தால் போதும். அம்மாவையோ அப்பாவையோ திட்டி எழுதக் கூடாது என்று ஒரு விதி போட நினைத்தேன். பிறகு போடவில்லை. போடாமலேயே யாரும் திட்டவில்லை.

இலக்கணப் பயன் என்று கேட்டால், ‘டிட் நாட்’ என்பதன் பின் வினைச்சொல் எந்த வடிவில் வரும் என்பதை இதைவிட நன்றாகப் பழக்க எனக்கு வேறு வழி கிடைத்ததில்லை. 38 தாளிலும் குறைந்தது இரண்டு முறை அது வந்தே ஆக வேண்டும். பாதிப்பேர் ‘டிட் நாட் டோல்ட்’ என்றே எழுதியிருந்தார்கள். அதற்கு அடுத்த வாரம் ஒரு பாடவேளை தனியாக வேலை செய்தோம்.

போன வாரம் எழுந்து நின்று பேசிய அந்தப் பெண் அப்பாவாக மாறி எழுதியிருந்தாள். ஒவ்வோர் இரவும் தோலைத் தொட்டுப் பார்ப்பேன், தோல் ஈரமாகவே இருக்கிறது, எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் இதை அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. கூரையாக எழுதியவள் எட்டு வாக்கியம் எழுதிவிட்டு, இடம் போதவில்லை என்று பின்பக்கம் ஒரு படமும் போட்டிருந்தாள்.

மூன்றாம் வரிசைக்காரன் குழந்தையாக எழுதியிருந்தான், ஆங்கிலத்தில், நான்கே வாக்கியம். தோல் எங்கே என்று எனக்குத் தெரியும். அப்பாவிடம் சொல்லவில்லை. பாட்டியிடம் சொல்லவில்லை. அம்மாவே கேட்டாள். பாட்டி எங்கிருந்து வந்தாள்? நான் சொன்ன கதையில் பாட்டி இல்லை. மூன்று இடத்தில் ‘டோல்ட்’ தவறாக இருந்தது. அந்த ஒரு தாளில் மட்டும் சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை. இலக்கணத்தைக் கரும்பலகையில் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அவனைத் தனியே அழைத்துப் பேசவும் இல்லை. பேசியிருக்க வேண்டுமோ என்று சில சக ஆசிரியர்கள் கேட்டார்கள். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, படித்தேன் என்று மட்டும் அவனிடம் சொன்னேன். தலையாட்டினான்.

அன்று கடைசி மணிக்கு முன், விட்டுப்போன பகுதியை வகுப்புக்குச் சொன்னேன். சில ஊர்களின் கதையில் அந்த அம்மா கரையோரம் வந்து பாறைமேல் மீன் வைத்துவிட்டுப் போவாள் என்று. பைகளை மூடும் சத்தத்தில் பாதிப்பேருக்குக் கேட்டிருக்காது. அவன் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தான்.

“அந்த மீனு அவங்க வெச்சதுன்னு பசங்களுக்குத் தெரியுமா டீச்சர்?”

தெரியும் என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் தெளிவாக இல்லை. “நீ என்ன நெனைக்கிற?” என்றேன்.

“தெரியும்” என்றான்.